கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் பெரிய கட்டுமானத் தளங்கள் பலவற்றில், புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு முதல் நாளே பாதுகாப்புப் பயிற்சி அளித்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்கிறார்கள். பயிற்சி நடந்ததற்குச் சான்று கிடைத்துவிடுகிறது. அவருக்கு என்ன புரிந்தது என்பதை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்குத் தமிழில் உரையாற்றிவிட்டுக் கையெழுத்து வாங்குவது பயிற்சியே ஆகாது. அவருடைய மொழி தெரிந்த சக தொழிலாளி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, சொன்னதை அவரையே செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

'பெல்ட் போடு' என்பதோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. உயிரிழப்பில் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் இதுதான். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட், விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும் என்பதால் முழு உடல் பெல்ட்தான் தேவை. அதையும் எதில் மாட்டுவது என்று காட்டாவிட்டால் பயனில்லை. கட்டுக்கம்பியால் கட்டிய சாரக் குழாயிலோ சவுக்குக் கட்டையிலோ கொக்கியை மாட்டினால், ஆளோடு சேர்ந்து சாரமும் சரியும். உயரக் கணக்கையும் சொல்லித்தர வேண்டும். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு ஏறத்தாழ 1.8 மீட்டர், அதிர்வைத் தாங்கும் பட்டை விரிந்தால் இன்னும் ஒரு மீட்டர் அளவுக்குக் கூடும், அதற்கும் கீழே தொங்கும் உடலின் நீளம் இருக்கிறது. 3.5 மீட்டர் உயரச் சாரத்தில் நிற்பவர் காலடியில் கொக்கியை மாட்டியிருந்தால், பெல்ட் முழுவதுமாகப் பிடித்து நிறுத்துவதற்குள் தரையில் மோதிவிடுவார். தலைக்கு மேலே, உறுதியான பிடிமானத்தில் மாட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். காரணம் தெரிந்தவர் மேற்பார்வையாளர் இல்லாதபோதும் சரியாக மாட்டுவார்.

புதிதாகக் கட்டிய சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) பற்றிப் பயிற்சியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத தளங்கள் உண்டு. கழிவுநீர்த் தொட்டி என்றால் எல்லோருக்கும் அச்சம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் என்ன ஆபத்து என்று நினைத்துவிடுகிறார்கள். மூடிக் கிடக்கும் சம்ப்பில் கான்கிரீட்டைத் தாங்க அடித்த ஈரமான சென்ட்ரிங் பலகைகள் மட்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். பலகையைப் பிரிக்க இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது, எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிக்க வைக்கும். காற்றை உள்ளே செலுத்தி, கருவியால் அளந்து, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதையும் நச்சு வாயு இல்லை என்பதையும் உறுதி செய்த பிறகே, மேலே ஒருவரைக் காவல் நிறுத்தி, இடுப்போடு அல்லாமல் உடல் பெல்ட்டோடு கயிறு கட்டி ஆளை இறக்க வேண்டும்.

பிளக் இல்லாத ஒயரைக் குச்சி சொருகி சாக்கெட்டில் நிறுத்தும் பழக்கத்தையும் பயிற்சியில் பெயர் சொல்லியே தடுக்க வேண்டும்.

மேஸ்திரியை 'அனுபவசாலி' என்று விட்டுவிடுவதும், சித்தாள்களை 'மண் சுமப்பவர்தானே' என்று அழைக்காமல் விடுவதும் பரவலாக நடக்கின்றன. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. பள்ளத்தின் விளிம்பிலேயே அதைக் குவிக்கச் சொல்பவர் மேஸ்திரி, குவிப்பவர் சித்தாள், சரிந்தால் சிக்குபவர் உள்ளே நிற்பவர். பயிற்சி பெற்ற மூன்றாமவர் மட்டும் அந்தச் சரிவைத் தடுத்துவிட முடியாது.