மிதிவண்டி ஓட்டத்தில் செலவாகும் கலோரியைக் கணக்கிடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் எடையைக் குறைக்க மிதிவண்டி ஓட்டுவோர், கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், தாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு 'மெட்' என்னும் அளவு போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரியைச் செலவிடுகிறது. அதுவே 1 மெட். மணிக்கு 16 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுவது 4 மெட், 16 முதல் 19 வரை 6.8, 19 முதல் 22 வரை 8.

மெட் எண்ணை எடையாலும் நேரத்தாலும் பெருக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 6.8 மெட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் 357 கலோரி வரும். ஆனால், வீட்டிலேயே இருந்திருந்தாலும் அதில் ஒரு பங்கு செலவாகியிருக்கும் என்பதால், 6.8-இலிருந்து 1-ஐக் கழித்துப் பெருக்கினால் கிடைக்கும் ஏறத்தாழ 305தான் எடைக் குறைப்புக்கு உதவும் எண். ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்த நேரத்தையும், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு ஒதுங்கி நின்ற நேரத்தையும் சேர்க்கக் கூடாது.

மழைக்குப் பின் சக்கரத்தில் சேறு அப்பும் செம்மண் பாதையில் வேகம் குறைந்தாலும் உழைப்பு குறைவதில்லை. அங்கே வேகத்தைவிட மூச்சே சரியான அளவுகோல். பேச முடிந்து பாட முடியாவிட்டால் 3 முதல் 6 மெட்டுக்குள். சில சொற்களுக்குமேல் பேச முடியாவிட்டால் 6-க்கு மேல்.

ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், சாப்பாட்டின் அளவு கூடாதவரை, மேற்சொன்ன ஓட்டம் சுமார் 25 முறை தேவைப்படும். எடை இறங்க இறங்கச் செலவும் குறையும். ஐந்து கிலோ குறைந்ததும் புதிய எடையை வைத்து மீண்டும் கணக்கிட வேண்டும்.