1.3 லிட்டர் எஸ்டீமுக்கு டர்போ: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில்

டர்போ போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் டர்போவை வாங்கிவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை நேர் எதிர். முதலில் கணக்கு, அடுத்து இசியு (பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), அந்த இசியுவில் டர்போ இல்லாமலே வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். டர்போ கடைசி. இன்ஜினைக் காப்பாற்றுவதும் உடைப்பதும் பெட்ரோல் அளவும் இக்னிஷன் டைமிங்கும்தான். டர்போ கூடுதல் காற்றை அனுப்புகிறது, அவ்வளவுதான்.

என்னுடைய வண்டி 16 வால்வ் மாருதி எஸ்டீம். 1298 சிசி, கம்பெனிக் கணக்கில் 85 பிஎச்பி. டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது. இன்சூரன்சிலும் சிக்கல் வரும். அதனால் இங்கே எழுதுவது செட்டிப்பாளையம், இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்குக்கான வேலை. ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள்.

காற்றுக் கணக்கு

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழு கொள்ளளவை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் 1.298 × 3000, அதாவது நிமிடத்துக்கு 3894 லிட்டர். சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 3310 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். ஆக நிமிடத்துக்கு 3.8 கிலோ, பவுண்டில் 8.4. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 பிஎச்பி என்பது பொதுவான கணக்கு. 84 வருகிறது, கம்பெனி சொன்னது 85. கணக்கு நம்பகமானது என்பதற்கு இதுவே சான்று.

இனி 0.5 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றை விட அவ்வளவு கூடுதல் அழுத்தம். இன்டர்கூலருக்குப் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது) பிறகும் காற்று கொஞ்சம் சூடாகவே இருக்கும் என்பதால் 1.5 மடங்கு கிடைக்காது, 1.4 என்று வையுங்கள். நிமிடத்துக்கு 12 பவுண்டுக்குப் பக்கம், 115 முதல் 120 பிஎச்பி. ஸ்டாக் (கம்பெனியில் வந்த) பிஸ்டன், ஸ்டாக் கனெக்டிங் ராடு வைத்துக்கொண்டு இதற்கு மேல் நான் போக மாட்டேன். ஒவ்வொரு டர்போவுக்கும் உள்ள கம்ப்ரஸர் மேப் என்ற வரைபடத்தில் குறுக்கே 12 (பவுண்டு காற்று), நெடுக்கே பிரஷர் ரேஷியோ (டர்போ காற்றின் அழுத்தத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பது) 1.5க்குச் சற்று மேல். இந்தப் புள்ளி மேப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 2500 ஆர்பிஎம்முக்கும் இதே மாதிரி ஒரு புள்ளி போடுங்கள். அது இடது ஓரத்தில் உள்ள சர்ஜ் கோட்டை (காற்று பின்னோக்கி அடிக்கத் தொடங்கும் எல்லை) தாண்டினால் அந்த டர்போ உங்களுக்குப் பெரியது.

முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் வந்த கே03 வகை டர்போ இந்த வேலைக்குச் சரியாக இருக்கும். 1.8 லிட்டரில் 150 பிஎச்பி கொடுத்தது, நடுவில் கூலண்ட் ஓடும் வழியும் உண்டு. புதுப்பேட்டையில் பழையது வாங்கினால் ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயமில்லை, எண்ணெய் இல்லாதபோது அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போது அசைவு கைக்குத் தெரிந்தால் வேண்டாம். இறக்கை ஹவுசிங்கில் உரசிய கோடு இருந்தாலும் வேண்டாம்.

ஸ்விஃப்ட் டீசல் டர்போ மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பெட்ரோல் இன்ஜினின் புகை முழு லோடில் 900 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், டீசலுக்குச் செய்த டர்பைன் அந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை. அதுவும் டீசல் இன்ஜின் அடங்கிவிடும் ஆர்பிஎம்முக்கு மேலேதான் நம் இன்ஜின் சக்தியைக் கொடுக்கும். அந்தச் சின்ன டர்பைன் அங்கே புகையை வெளியே விடாமல் அடைக்கும்.

இன்ஜெக்டர்

120 பிஎச்பிக்கு, 80 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 235 சிசி போல வரும். இப்போது பம்பில் வருவது இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்ததால் அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். எனவே 300 சிசி வாங்குங்கள். பழைய வண்டி என்றால் ரப்பர் ஃபியூயல் லைன்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இசியு

ஸ்டாக் இசியுவோடு சேர்ந்து அதன் சிக்னலை மாற்றும் பிக்கிபேக்கா, அதை எடுத்துவிட்டுத் தனியாக ஓடும் ஸ்டாண்டலோனா? டர்போ இல்லாத வண்டியில் கொஞ்சம் மெருகேற்ற பிக்கிபேக் போதும், பெங்களூரில் செய்யும் பவர்ட்ரானிக் மாதிரி நல்ல பெட்டிகள் இருக்கின்றன. டர்போவுக்கு நான் ஸ்டாண்டலோன் பக்கம்தான். ஸ்டாக் மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்குமே அளக்கும். அதற்கு மேல் ஏறும் பூஸ்ட் ஸ்டாக் இசியுவின் கண்ணுக்கே தெரியாது. தெரியாததற்குப் பெட்ரோல் ஊற்றச் சொல்லி அதை ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் எடுத்தது ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் திறந்த மூல இசியு. 2.5 பார் வரை அளக்கும் மேப் சென்சார் போர்டிலேயே வருகிறது. அதை லேப்டாப்பிலிருந்து அமைக்கும் மென்பொருளான டியூனர்ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பிலேயே எல்லா டேபிளையும் திருத்தலாம். பணம் இருந்தால் லிங்க் அல்லது ஹால்டெக் வாங்குங்கள், வயரிங் சுலபம். ஆனால் முதல் முறை செய்பவருக்கு ஸ்பீடுயினோ கற்றுக்கொடுப்பது அதிகம்.

டைமிங்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். கிராங்க் புல்லியில் 36-1 சக்கரம் வைத்தேன். 36 பல்லுக்கான இடத்தில் ஒன்று மட்டும் இல்லாதது. அதை வாசிக்க விஆர் சென்சார், பல் கடக்கும்போது மின் அலை எழுப்பும் காந்தச் சென்சார். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் நன்றாகவே நின்றது. ஆனால் ஆர்பிஎம் ஏறினால் சிங்க் போனது, அதாவது கிராங்க் எங்கே இருக்கிறது என்பதை இசியு தவறவிட்டது.

கண்டுபிடிக்கும் வழி இது. டியூனர்ஸ்டுடியோவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். முதல் சிலிண்டர் பிளக் வயரில் டைமிங் லைட்டை மாட்டி, புல்லியில் வெள்ளை பெயிண்ட் அடித்த குறியைப் பாருங்கள். ஐடிலில் குறி 10இல் வரும்வரை டிரிகர் ஆங்கிளை (பல் இல்லாத இடத்துக்கும் பிஸ்டன் உச்சிக்கும் உள்ள கோணம்) மாற்றுங்கள். அப்புறம் மெதுவாக 4000 வரை ஏற்றுங்கள். குறி அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தாலோ, துள்ளினாலோ, விஆர் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பல் கடக்கும்போது சென்சாரின் சிக்னல் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், மறுபக்கம் சாய்வாக ஏறும். இசியு செங்குத்துப் பக்கத்தைப் படிக்க வேண்டும். வயர் மாறினால் சாய்வுப் பக்கத்தைப் படிக்கும், பல் இல்லாத இடத்தில் குழம்பும். என் வண்டியில் இரண்டு வயர்களையும் மாற்றி மாட்டியதும் குறி ஆணி அடித்த மாதிரி நின்றது.

இதோடு இரண்டு விஷயம். ஷீல்டு கேபிள் போடுங்கள், ஷீல்டை இசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஒரே காயில் இரண்டு பிளக்கை எரிக்கும் வேஸ்டட் ஸ்பார்க் முறையில், டயல் உள்ள டைமிங் லைட் தவறாகக் காட்டும், சாதாரண லைட்டே போதும். புதிதாகச் சக்கரம் வைப்பவர்கள் விஆரை விட்டுவிட்டு, நேரடியாக ஆன்-ஆஃப் சிக்னல் தரும் ஹால் சென்சார் வாங்குங்கள். இந்தத் தொல்லையே இருக்காது.

டைமிங் நிலையாக இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் டேபிளில் ஒரு எண்ணைக்கூட மாற்றாதீர்கள். திரையில் 20 என்று இருந்து, உள்ளே 28இல் எரிந்தால், பூஸ்டில் பிஸ்டன் போய்விடும்.

டியூனிங்

வைட்பேண்ட் (புகையில் உள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையை அளக்கும் மீட்டர்) இல்லாமல் தொடங்க வேண்டாம். பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரில் ஓடும் எதுவும் சரி. மீட்டரை லாம்டாவில் (முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை மடங்கு இருக்கிறது என்பது) வையுங்கள். ஏஎஃப்ஆர் (காற்று, பெட்ரோல் எடை விகிதம்) 14.7 என்பது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கான எண், இ20க்கு அது 13.5 பக்கம் வரும். லாம்டாவில் இரண்டுக்குமே 1தான். முழு பூஸ்டில் 0.80 வையுங்கள்.

டர்போ இல்லாமல் வண்டி எல்லா லோடிலும் சீராக ஓடும்வரை இதிலேயே இருங்கள். பிறகுதான் டர்போ. ஒரு பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார்) பூஸ்டுக்கு ஒரு டிகிரி டைமிங் குறைத்துத் தொடங்கலாம். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், கேப் 0.7 மில்லிமீட்டர். நாக் (கலவை தானாகவே வெடிப்பது) கேட்க ஒரு செம்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி, ஓட்டை போட்டு பிளாக்கில் போல்ட் செய்து, ரப்பர் ஹோஸ் வழியாகக் காது மூடியில் இணைத்துக்கொள்ளுங்கள். நாக் வந்தால் டப்பாவில் கூழாங்கல் உருளும் சத்தம் தெளிவாகக் கேட்கும். கேட்ட நொடியே காலை எடுங்கள்.

பிறகு சேர்த்தது

ஐடிலில் நீலப் புகை வருகிறது, டர்போ சீல் போய்விட்டதா என்று சிலர் எழுதினார்கள். டர்போவைக் கழற்றும் முன் எண்ணெய் திரும்பும் குழாயைப் பாருங்கள். அதில் பிரஷர் கிடையாது, எண்ணெய் தானாகக் கீழே வடிய வேண்டும். குழாய் எங்கும் மேலே வளையக் கூடாது, உள்விட்டம் குறையக் கூடாது, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் இடம்) எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இன்ஜினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்திருந்தாலும் எண்ணெய் இறங்காமல் சீல் வழியாகத்தான் வெளியேறும். பூஸ்ட் கட் (பூஸ்ட் எல்லை தாண்டினால் இசியு இன்ஜினை அடக்குவது) 0.7 பாரில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். வேஸ்ட்கேட்டுக்கு (அதிகப் புகையை டர்பைனைச் சுற்றி விடும் வால்வு) போகும் சின்ன ஹோஸ் கழன்றால் பூஸ்டைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.