வடகம் தாளித்த கடலூர் மீன் குழம்பு: முதன்முறை வைப்பவர்களுக்கான செய்முறை

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் மீன் குழம்பின் வாசனை பெரும்பாலும் தாளிப்பு வடகத்திலிருந்துதான் (வெங்காயத்தோடு தாளிப்புப் பொருள்களைக் கலந்து உருட்டிக் காயவைத்தது) தொடங்குகிறது. எங்கள் ஆயா வைத்து, அம்மா வைத்து, இப்போது நான் வைக்கும் குழம்பும் அதுவே. புதிதாகச் சமைப்பவர்கள் வழக்கமாக மீன் உடைந்துவிடுமோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் கவனம் வேண்டியது குழம்புக்கு. மீன் சட்டியில் இறங்குவதற்கு முன்பே குழம்பு முழுமையாக முடிந்திருக்க வேண்டும்.

மீன்

இந்தக் குழம்புக்கு என் முதல் தேர்வு சங்கரா. அது கிடைக்காத நாளில் கிழங்கான் அல்லது பாறை. வஞ்சிரத்தை வறுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குழம்பில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ வாங்கினாலும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். செவுள் சிவந்திருக்க வேண்டும். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். சதையை விரலால் அழுத்தினால் குழி விழாமல் மீள வேண்டும். காணாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமைன் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்பதால், அத்தகைய மீனை மலிவு என்பதற்காக வாங்கவே கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் கரையோரத்தில் பிடித்து வரும் மீனே கிடைக்கும். அதுதான் மாங்காய்க் காலமும். அப்போது புளியைச் சற்றுக் குறைத்து, இரண்டு மாங்காய்த் துண்டுகளைச் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மீன்காரரிடமே வெட்டி வாங்கினாலும், வீட்டில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வயிற்றின் உட்புறத்தில், நடுமுள்ளை ஒட்டி, கறுத்த இரத்தம் கோடாக உறைந்திருக்கும். அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்து, கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறி, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். குழம்பில் வாடை அடிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்தக் கோட்டைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சட்டியும் சாமான்களும்

சுத்தம் செய்த மீன் அரை கிலோ; சின்ன வெங்காயம் 150 கிராம்; பூண்டு 10 பல்; பழுத்த தக்காளி 2; எலுமிச்சை அளவு புளி; மிளகாயும் மல்லியும் சேர்த்து மிஷினில் அரைத்த குழம்புத்தூள் 3 மேசைக்கரண்டி; அரை தேக்கரண்டி மஞ்சள்தூள்; நெல்லிக்காய் அளவு வடகம்; கறிவேப்பிலை, உப்பு. எண்ணெய் நல்லெண்ணெயாகவே இருக்கட்டும், 5 மேசைக்கரண்டிக்குக் குறைய வேண்டாம். அகலமான மண்சட்டி எல்லாவற்றிலும் சிறந்தது. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கவே வேண்டாம்.

வடகம் வீட்டில் போட்டதாக இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில், நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைக் கலந்து உருட்டி, விளக்கெண்ணெய் தடவி, நாள்தோறும் காயவைத்து எடுப்பது இது. புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்காரர்களின் அடுக்களைக்கும் போய், அங்கே வடுவான் என்ற மசாலாவாக வழங்குவதும் இதன் வழிவந்ததுதான்.

தாளிப்பும் கொதியும்

எண்ணெய் காய்ந்ததும் தீயை நன்றாகத் தணித்துவிட்டு, வடகத்தை உதிர்த்துப் போடுங்கள். அதில் உள்ள காய்ந்த வெங்காயமும் வெந்தயமும் சட்டென்று கருகக்கூடியவை. கடுகு வெடித்து, வெங்காயத் துணுக்குகள் பொன்னிறமானவுடன் பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் போட்டுவிட்டால் சூடு தணிந்து வடகம் தப்பிவிடும். கருகிவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே வழி, ஏனெனில் அந்தக் கசப்பைப் புளியோ வெல்லமோ மறைக்காது. வெங்காயம் வதங்கியதும் தக்காளி, கறிவேப்பிலை, தூள்கள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் குழைய வதக்கி, புளியை மூன்று கோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

இனி அவசரப்படக் கூடாது. நடுத்தரத் தீயில் 15 முதல் 20 நிமிடம் குழம்பு கொதிக்க வேண்டும். புளியின் பச்சை வாசனை போய், ஓரங்களில் எண்ணெய் பிரிந்து, சட்டியின் உட்சுவரில் குழம்பு இறங்கிய தடம் தெரியும் வரை காத்திருங்கள். ஒரு துளியைத் தட்டில் விட்டுப் பாருங்கள்; துளியைச் சுற்றித் தண்ணீர் தனியாகப் பிரிந்து ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும், துளி திரண்டு நின்றால் போதும். உப்பு, காரம், புளிப்பு மூன்றையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். மீன் தண்ணீர் விடும் என்பதால், சோற்றில் ஊற்ற விரும்பும் பதத்தைவிடச் சற்றுக் கெட்டியாகவும் ஒரு துளி காரம் கூடுதலாகவும் குழம்பு இருக்கலாம். மீனைப் போட்ட பிறகு தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கலக்க முற்படுவதால்தான் மீன் உடைகிறது.

மீன் சதையின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கொலாஜன் ஆட்டுக்கறியில் உள்ளதைவிடக் குறைவு. இளஞ்சூட்டிலேயே கரையவும் செய்யும். ஆகவே தீயைத் தணித்து, முதலில் தலைத்துண்டுகளை இறக்கி, இரண்டு நிமிடம் கழித்து நடுத்துண்டுகளையும் வால்பகுதியையும் ஒவ்வொன்றாக வையுங்கள். அதற்குப் பின் சட்டிக்குள் கரண்டி போகக் கூடாது. துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் குழம்பு எல்லாத் துண்டுகளின் மேலும் ஏறும். ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். மண்சட்டியின் சூடு மீதி வேலையை முடித்துக்கொள்ளும். அரை மணி நேரமாவது ஊறிய பிறகே பரிமாறுங்கள்.

படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை

இண்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி சூடேறாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் சூடு நெடுநேரம் நிற்காது என்பதால் மீனை இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். புதுச் சட்டி விரிசல் விட்டது என்று எழுதியவர்கள், அடுத்த சட்டியை இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீரைச் சிறுதீயில் ஒருமுறை கொதிக்கவைத்துப் பழக்கிய பிறகு குழம்புக்கு எடுங்கள்.

கடலோரத்தில் இல்லாதவர்கள் உறைநிலை மீனில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். முந்திய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீங்கவிட்டு, வடிந்த நீரைக் கொட்டி, துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்த மீன் கூடுதலாகத் தண்ணீர் விடும் என்பதால், புளியைக் கரைக்கும்போதே அரைக் கோப்பைத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.