ஒரே 48-க்கு மூணு விடை, எதால வகுக்கணும்?

டூ-வே டேபிள்ல (ரெண்டு விஷயத்தை வரிசையிலயும் நெடுவரிசையிலயும் பிரிச்சு எண்ணிக்கை போட்ட அட்டவணை) ரிலேட்டிவ் ஃப்ரீக்வென்சி, அதாவது ஒரு எண்ணிக்கை ஒரு கூட்டத்துல எவ்வளவு பங்குன்னு கேட்டா நிறைய பசங்க எல்லாத்தையும் மொத்தத்தால வகுத்துட்டு வந்துடறாங்க, அங்கதான் மார்க் போகுது.

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வந்த 200 பேர்னு ஒரு கணக்கு வச்சுக்குவோம். குடும்பமா வந்தவங்க 120, அதுல மலை ரயில் 48, பஸ் 72. ஃப்ரெண்ட்ஸா வந்தவங்க 80, ரயில் 12, பஸ் 68. மொத்தமா ரயில் 60, பஸ் 140.

இப்ப அந்த 48-அ மட்டும் பாருங்க. "எல்லாருலயும் ரயில்ல வந்த குடும்பத்துக்காரங்க எவ்வளவு"ன்னா 48/200, அதாவது 0.24. "குடும்பமா வந்தவங்கள்ல ரயில்ல வந்தவங்க"ன்னா 48/120, 0.40. "ரயில்ல வந்தவங்கள்ல குடும்பத்துக்காரங்க"ன்னா 48/60, 0.80! கேள்வில "-ல"ன்னு முடியற கூட்டம் எதுவோ அதோட மொத்தம்தான் கீழ வரணும், பென்சில்ல அதை வட்டம் போட்டுட்டு அப்புறமா வகுங்க.

வரிசைப்படி (குடும்பம் ஒரு வரிசை, ஃப்ரெண்ட்ஸ் ஒரு வரிசை) வகுத்தா ஒவ்வொரு வரிசையும் கூட்டி 1 வரணும், அதையும் செக் பண்ணிக்கோங்க (ரவுண்ட் பண்ணா துளி மாறலாம்).

யாரோட வந்தாங்க, எதுல வந்தாங்க, இந்த ரெண்டுக்கும் தொடர்பு இருக்கான்னு கேட்டா வெறும் 48-ஐயும் 12-ஐயும் ஒப்பிடாதீங்க, 0.40-ஐயும் 12/80 அதாவது 0.15-ஐயும் ஒப்பிடுங்க, இவ்வளவு வித்தியாசம் இருந்தா இந்த டேபிள்ல தொடர்பு இருக்குன்னு தைரியமா எழுதலாம்.