வேட்டைத் துப்பாக்கிக்கு எடை குறைந்த கட்டை: பிடியில் கோட்டை விடாதீர்கள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து இரண்டு இளைஞர்கள் பட்டறைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் சாக்கில் சுற்றிய தேக்குப் பலகை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீட்டுச் சாமான்களுக்கு நடுவே கண்டெடுத்ததாம். "ஆசாரி அண்ணே, எங்கள் ஐயாவின் வேட்டை ரைபிளுக்கு இதில் கட்டை செய்து தர வேண்டும். எவ்வளவு மெலிசாக முடியுமோ அவ்வளவு மெலிசாக" என்றார்கள். குழலைத் தாங்கும் மர உடலைத்தான் கட்டை என்கிறோம். பலகையை வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஆசையோடு எடுத்த பலகையும் இப்படித்தான் இருந்தது. அதே பொன்னிறம், அலையலையாக அதே ரேகை. அவர்கள் சொன்ன யோசனையும் அன்று எனக்கு வந்ததுதான். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் சிலவற்றில் பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கி உரிமத்தோடு இன்னும் இருக்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் வந்த திருத்தம் மிச்சமிருந்த வேட்டையையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. இப்போது அவை ரைபிள் கிளப்பின் சுடுதளத்துக்குத்தான் போகின்றன. குழல் முதலான இரும்புப் பகுதியைப் பிரிப்பதும் பூட்டுவதும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. மரம் மட்டும் என் வேலை.

உலராத மரம், கணு விழுந்த பலகை, மொண்ணை உளி ஆகியவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. மரவேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவை தெரிந்துவிடும்.

எடையை மட்டும் கேட்டு மரம் எடுப்பது

ஒரு கன அடி ஈட்டி மரம் 24 கிலோ அளவுக்கு வரும். தேக்கும் வால்நட்டும் 17, 18 கிலோ. குமிழ் 13, 14 கிலோதான். இதைக் கேட்டவுடன் புதிதாக வருகிறவர்கள் குமிழுக்குத் தாவுகிறார்கள். குமிழ் நல்ல மரம். அவ்வளவாகக் கோணாது, உளிக்கு இசையும். ஆனால் மென்மையானது. சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும்; அதுதான் உதை. இரும்பின் அடியில் இருக்கும் உதைதாங்கி என்ற முண்டு ஒவ்வொரு முறையும் மரத்தை முட்டுகிறது. மென்மையான மரத்தில் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். திருகை இறுக்கினால் அதற்கடியிலும் நசுங்கும். முதல் நாள் ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள் ஆறு மாதத்தில் சிதற ஆரம்பிக்கும். குமிழில்தான் வேண்டுமென்றால் திருகு இறங்கும் துளைகளில் அலுமினியக் குழாய் பதியுங்கள்; உதைதாங்கி உட்காரும் பள்ளத்தை எபாக்சிப் பசையால் கட்டுங்கள். இவை இரண்டையும் செய்ய மனமில்லை என்றால் வால்நட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதையை மறப்பது

4 கிலோ துப்பாக்கியை 3 கிலோவாக்கினால், அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். வாங்கப் போவது உங்கள் தோள்.

பிடியின் ரேகையைப் பார்க்காமல் வெட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்தத் தவறுதான்.

கானாடுகாத்தானில் ஒரு குடும்பம். ரங்கூனில் தொழில் செய்த ஐயா கொண்டுவந்த மவுசர் வகை ரைபிள். அதன் வால்நட் கட்டையைப் பெட்டிக்குள்ளேயே கரையான் அரித்துவிட்டது. பேரன் சுடுதளத்துக்குப் போகிறவர். புதுக் கட்டை இலேசாக இருக்க வேண்டும் என்றார். இடித்த வீட்டு நிலையிலிருந்து கிடைத்த பர்மா தேக்கில் ஒரு துண்டு என்னிடம் இருந்தது. அதன் அழகில் மயங்கி, கட்டையின் வடிவில் வெட்டிய அச்சு அட்டையைப் பலகையின் ஓரத்துக்கு நேராக வைத்துக் கோடு போட்டேன். அங்கேயே வேலை கெட்டுவிட்டது.

துப்பாக்கிக் கட்டை நேராகப் போகும் பொருள் அல்ல. குழலுக்கு அடியில் நேராக வந்து, கை பிடிக்கும் இடத்தில் சாய்ந்து, தோளில் பதியும் பின்னங்கட்டையாகக் கீழே இறங்குகிறது. பலகையின் ஓரம் நேராக இருப்பதால் உள்ளே இருக்கும் ரேகையும் நேராக ஓடும் என்று சொல்ல முடியாது. நேராகவே ஓடினாலும், சாய்ந்த பிடியில் அது குறுக்காக வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். நார் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் போனால்தான் பிடி தாங்கும். கட்டையிலேயே மெலிந்த இடமும் அதுதான்; உதை முழுவதும் கடந்து போகும் இடமும் அதுதான்.

இது போதாதென்று பிடியை வேறு இழைத்தேன். சுற்றளவு 12 செ.மீ. இருந்ததை 11 ஆக்கினேன். கையில் எடுத்துப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடியின் நீளம் 10 செ.மீ. என்று வைத்தால், அதில் மிச்சமான எடை 12 கிராம். வளைவைத் தாங்கும் வலிமையோ விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. 12 கிராமுக்காகக் கால் பங்கு வலிமையை விற்றிருக்கிறேன்.

சுடுதளத்தில் ஏழாவது குண்டுக்குப் பிடி இரண்டாகப் பிரிந்தது. பேரனுக்குக் கட்டைவிரல் இடுக்கில் கிழிந்து மூன்று தையல். உடைந்த துண்டுகளை அவரே பட்டறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவற்றைக் கையில் எடுத்துத் தடவினேன். முறிந்த மரத்தில் நார் நாராகச் சிலும்பு நிற்க வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. சாய்வாகச் சீவிய நாணல் எழுதுகோல் போல, முகம் வழவழவென்று இருந்தது. அந்த மரத்தில் ஒரு நாரும் அறுபடவில்லை. ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கிறது, அவ்வளவுதான். விலகும்படி வெட்டி வைத்தவன் நான்.

அவர்கள் வீட்டு ஆச்சி பிறகு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா தொட்ட மரத்தைத்தான் கரையான் கொண்டுபோய்விட்டது என்றிருந்தோம். இதுவும் தங்கவில்லையே, தம்பி." என் செலவில் காஷ்மீர் வால்நட் வரவழைத்தேன். மரம் வந்து, பட்டறைக் காற்றுக்குப் பழகி, வேலை முடிய எட்டு மாதம் ஆனது. அந்தக் கட்டை இன்றும் நன்றாக இருக்கிறது.

இப்போது நான் செய்வது இது. பலகையின் ஒரு முகத்தை இழைத்துவிட்டு, பிடி வரப்போகும் இடத்தில் ஊற்றுப்பேனா மை ஒரு சொட்டு விடுவேன். மை நாரின் வழியே மயிரிழையாக ஓடி, ரேகை போகும் திசையைக் காட்டிவிடும். மேல் ஓரத்திலும் ஒரு சொட்டு. பக்கவாட்டில் ஒழுங்காக ஓடும் ரேகை மேலிருந்து பார்த்தால் குறுக்கே போவது உண்டு. பிறகு அச்சு அட்டையைச் சுழற்றி, பிடியின் சாய்வும் மை ஓடிய திசையும் ஒன்றாகும்வரை நகர்த்துவேன். பலகையில் பாதி வீணாகலாம். ஆகட்டும். அலையலையான அழகு ரேகை வேண்டுமென்றால் பின்னங்கட்டையில் வரட்டும். பிடியில் சாதாரண நேர் ரேகை போதும்.

எடையைக் குறைக்க வேண்டிய இடமும் பின்னங்கட்டைதான். பின்முனையை மூடும் அடித்தட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே 2.5 செ.மீ. விட்டத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு இரண்டு துளைகள் போட்டால் 95 கிராம் வரை போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. துளை பிடியை நெருங்கவே கூடாது.

தேவகோட்டைத் தம்பிகளின் பலகையிலும் மை விட்டுக் காட்டினேன். நாலு விரற்கடை போவதற்குள் பிடிக்கோட்டைத் தாண்டி ஓரத்துக்கு வந்துவிட்டது. இளையவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பர்மா தேக்கு என்றால் எல்லாம் சரி என்று நம்புவது

இந்த மண்ணில் பிறந்த ஆசாரிக்குத் தேக்கின்மேல் இருக்கும் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். நூறாண்டு கண்ட நிலைக்கதவுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நிலைக்கு வருவது பாரம். கட்டைக்கு வருவது அடி. தேக்கு ரேகையோடு எளிதில் பிளக்கும். அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் எபாக்சி சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்பாக அசிட்டோன் தொட்டு நன்றாகத் துடைக்க வேண்டும். மரத்தில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். பழைய ஆணியின் தலை அறுந்து உள்ளே புதைந்திருக்கும்; ரம்பத்தை வைப்பதற்கு முன் காந்தத்தால் தேடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பிடியில் ரேகை நேராக ஓடினால் தாராளமாகத் தேக்கில் செய்யலாம்.

கார்பன் இழைக் கட்டை

முக்கால் கிலோவுக்கும் கீழே கிடைக்கும். எந்த இரும்புக்கென்று வார்த்தார்களோ அதற்குத்தான் பொருந்தும். ஐயா காலத்து ரைபிளுக்காகத் தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

நீளத்தை முதலிலேயே அறுப்பது

தோளில் வைத்துப் பார்க்கும்வரை 2 செ.மீ. கூடுதலாகவே இருக்கட்டும்.

முன்பாரம்

பின்னால் எடையைக் குறைத்துக்கொண்டே போனால் குழல் பக்கம் தொங்கும். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் இரும்பைப் பூட்டச் சொல்லி, ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள்.

வெளியே மட்டும் மெருகு போடுவது

மரம் ஈரத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் நார் குறுக்கே அறுபட்ட வெட்டுமுகத்தில். குழல் பள்ளம், திருகுத் துளை, அடித்தட்டின் உட்புறம் எல்லாவற்றுக்கும் எண்ணெய் கொடுங்கள். மெலிந்த கட்டை எளிதில் முறுக்கிக்கொண்டு குழலைத் தொடும். தொட்டால் குறி மாறும். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே பத்து ரூபாய் நோட்டு ஒன்று நுனியிலிருந்து உள்ளேவரை தடையில்லாமல் போக வேண்டும். ஐப்பசி மழையில் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை நோட்டை விட்டுப் பாருங்கள்.