கொசுப்புழுவைப் படமெடுத்து ஆய்வாளர்களுக்கு அனுப்புவது எப்படி?

2020-இல் மடகாஸ்கரில் ஒருவர், பழைய டயரில் தேங்கிய நீரில் கிடைத்த ஒரே ஒரு கொசுப்புழுவைப் படமெடுத்து ‘குளோப் அப்சர்வர்’ செயலியில் ஏற்றினார். அது அனாபிலிஸ் ஸ்டெபென்சியாக இருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு அது. சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வதும் அதுதான். ஊரிலுள்ள ஒவ்வொரு மொட்டை மாடிக்கும் ஆய்வாளர்கள் ஏறிப் பார்க்க முடியாது. அங்கே குடியிருப்பவரால் முடியும். ஆனால் புழுவின் வால் நுனி தெளிவாகத் தெரியாவிட்டால், படத்தை வைத்து இனம் காண்பது கடினம்.

தேவையானவை

நாசா ஆதரவில் இயங்கும் இந்தச் செயலி இலவசம். அதில் கொசுவுக்கான பகுதி ‘மஸ்கிட்டோ ஹேபிடட் மேப்பர்’. போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்று வேண்டும். 60 மடங்கு பெரிதாக்குவது நல்லது. வெள்ளை மக், வெள்ளைப் பீங்கான் தட்டு, 3 மி.லி. பிளாஸ்டிக் டிராப்பர், டிஷ்யூ பேப்பர். டிராப்பரின் நுனியைச் சற்று வெட்டி அகலப்படுத்துங்கள். குறுகிய நுனியில் பெரிய புழு நசுங்கிவிடும்.

படி 1: இடம்

ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, சரியாக மூடாத டிரம். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், ஏணி வைத்துத் தொட்டியில் ஏறவும் வேண்டாம். அடுத்தவர் வீடென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். நீரைத் தொடுவதற்கு முன்பே அந்த இடத்தைப் படமெடுத்து, இருப்பிடத்தையும் செயலியில் பதியுங்கள். வீட்டுக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். வாசலுக்கு வந்து பதிவது மேல்.

படி 2: மொள்ளுதல்

உங்கள் நிழல் நீரில் விழக்கூடாது. நிழல் பட்டாலே புழுக்கள் அடியில் போய்விடும், நீங்கள் “ஒன்றுமில்லை” என்று எழுதிவிடுவீர்கள். மக்கைச் சாய்த்து, ஓரமாக, மேல்மட்ட நீரைச் சட்டென்று மொள்ளுங்கள். அடுத்த முறை மொள்வதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

அடியில் சிவப்பாக நெளிபவை கொசுப்புழுக்கள் அல்ல. அவை கடிக்காத வேறொரு பூச்சியின் புழுக்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

எத்தனை என்று எண்ணிப் பதியுங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் பூஜ்ஜியம் என்று பதியுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். புழு இருந்த இடங்கள் மட்டுமே வரைபடத்தில் ஏறினால், யாரும் பார்க்காத தெருவையும் பார்த்தும் புழு கிடைக்காத தெருவையும் பிரித்தறிய வழியே இல்லை.

படி 3: படம்

இருப்பதிலேயே பெரிய புழுவை எடுங்கள். சிறியவற்றில் வால் நுனியிலுள்ள மூச்சுக்குழல் தெளிவாகத் தெரியாது. முதலில் மக்கிலேயே அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருந்தால் அனாபிலிஸ். அதற்கு மூச்சுக்குழல் கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ், கியூலெக்ஸ் என்ற மற்ற கொசு வகைகளில் ஒன்றாக இருக்கலாம். ஏடிஸின் குழல் குட்டையாகத் தடித்திருக்கும், கியூலெக்ஸுக்கு நீண்டு மெலிந்திருக்கும்.

பிறகு ஒரு சொட்டு நீரோடு புழுவைத் தட்டில் விட்டு, டிஷ்யூ முனையால் நீரை மெல்ல உறிஞ்சுங்கள். நீர் அதிகமிருந்தால் துள்ளிக்கொண்டே இருக்கும், முழுவதும் வற்றினால் உடல் சுருங்கும். மெல்லிய நீர்ப்படலம் மட்டும் மிஞ்சட்டும். இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, ஜூம் செய்யாமல் போனையே நூலளவு முன்பின் நகர்த்தி ஃபோகஸ் பிடியுங்கள். முழு உடல் ஒன்று, வால் நுனி ஒன்று. வால் பக்கவாட்டில் கிடந்தால்தான் குழலின் நீளம் தெரியும். பத்துப் படம் எடுத்தால் இரண்டுதான் தேறும், அது இயல்பே. தேறியவற்றைச் செயலியில் ஏற்றுங்கள்.

படி 4: அழித்தல்

படங்கள் போனில் சேமிக்கப்பட்டதை உறுதிசெய்த பிறகு நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். சாக்கடையில் கொட்டினால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளும். கொட்டிய கையோடு பாத்திரத்தின் உட்சுவரைப் பிரஷ் போட்டு அழுத்தித் தேயுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஏடிஸ் ஒட்டிவைக்கும் கறுப்பு முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். அடுத்த மழையில் நீர் பட்டதும் பொரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அதே பாத்திரத்தைத் திரும்பப் பார்த்து, புதிய பதிவாக ஏற்றுங்கள்.