பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு இருக்கிறதா? கொப்பியை எடுத்துப் பார்ப்போம்

“நல்லாக் கதைக்கிறான், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்கிறான், எழுதச் சொன்னால் மட்டும் ஒன்றும் வருதில்லை.” கொழும்பில் தரம் 3, தரம் 4 பெற்றோர் கூட்டங்களில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பதிலும் வழக்கமானதுதான்: சோம்பல், விளையாட்டுப் புத்தி, இன்னொரு டியூஷன் போடுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க டியூஷனும் கூடும், அடியும் கூடும். அடித்து எழுத்து வந்த பிள்ளையை நான் கண்டதில்லை.

இவர்களில் சிலருக்குக் ‘குறித்த கற்றல் இடர்பாடு’ (specific learning disorder) இருக்கலாம். அறிவில் குறை இராது. மூளை எழுத்தையும் எண்ணையும் கையாளும் விதத்தில்தான் சிக்கல். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுத்தில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கல்குலியா. இரண்டு சேர்ந்தும் வரும், பரம்பரையாகவும் வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, பாடசாலை வயதுப் பிள்ளைகள் 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பில் குறைந்தது இரண்டு பேர்!

முதல் படி: மற்றக் காரணங்களை விலக்குங்கள்

கண்ணையும் காதையும் முதலில் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குத் தேவை கண்ணாடி. நீண்ட நாள் பாடசாலைக்குப் போகாமல் இருந்ததா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றும் பாருங்கள்.

அடுத்தது மொழி. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளை வீட்டில் தமிழும், வகுப்பில் ஆங்கிலமும், வான் அங்கிளோடு சிங்களமும் பேசும். பல மொழி பேசுவதால் இந்த இடர்பாடு வருவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், அந்த மொழி இன்னும் பழகவில்லை என்றுதான் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியில், முறையாகப் படிப்பித்த பிறகும் திணறினால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: சொல்வதெழுதுதல் கொப்பி

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். கடைசி இரண்டு மூன்று மாதப் பக்கங்களை விரித்து வைத்து, புள்ளியை விட்டுவிட்டுப் பிழைகளைப் பாருங்கள்.

‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்று எழுதியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களே அப்படித்தானே உச்சரிக்கிறோம்? பிள்ளை கேட்டதை ஒழுங்காக எழுதியிருக்கிறது. ர, ற குழப்பமும் ன, ண குழப்பமும் இதே கணக்குத்தான்.

‘பள்ளிக்கூடம்’ என்பது ‘பகூளிடம்’ ஆகியிருந்தால் நான் நின்று பார்ப்பேன். எழுத்துக்கள் விடுபடுகின்றன, இடம் மாறுகின்றன. அதே சொல் அதே பக்கத்தில் மூன்று விதமாக இருக்கும். கொம்பு எழுத்துக்களையும் கவனியுங்கள். ‘கொடி’ என்று சொல்லும்போது ககர ஒலிதான் முதலில் கேட்கிறது. எழுதும்போதோ கொம்பு (ெ) முதலில், பிறகு க, பிறகு அரவு (ா). தரம் 1இல் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறும் இடம் இது. தரம் 4இலும் ஒரு நாள் ‘கெடி’, மறுநாள் ‘காடி’ என்று வந்தால் திகதியோடு குறித்து வையுங்கள். எழுத்தை மறுபக்கம் திருப்பிப் போடுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். 7 வயது வரை அது சாதாரணம்.

வாயால் ஐந்து வசனம் சொல்லும் பிள்ளை தாளில் அரை வரியோடு நின்றுவிடுகிறதா, பேனையை அழுத்திப் பிடித்துக் கை வலிக்கிறது என்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: தனியாக வாசிக்கக் கேளுங்கள்

மற்றவர்கள் முன்னால் வேண்டாம். பாடப் புத்தகமும் வேண்டாம், பாதிப் பாடம் மனப்பாடமாக இருக்கும். அர்த்தமே இல்லாத சொற்களை நீங்களே எழுதிக் கொடுங்கள்: ‘தாமிபு’, ‘கெலுசோ’, ‘நுடாவி’ போல. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்த பிள்ளை மெதுவாகவாவது வாசித்துவிடும். மனப்பாடத்தில் ஓடிய பிள்ளை இங்கே தெரிந்த சொல்லொன்றை ஊகித்துச் சொல்லும், அல்லது நின்றுவிடும்.

கணக்குக்கும் இப்படியே. 68 பெரிதா 86 பெரிதா என்று கேளுங்கள். ‘இருநூற்று மூன்று’ எழுதச் சொன்னால் 2003 வருகிறதா, 8உம் 5உம் கூட்ட ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே விரல் மடிக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பாடு மறப்பது மட்டும் அடையாளம் இல்லை.

நான்காம் படி: ஆறு மாதம் உதவி

மேலே சொன்ன கையேட்டின்படி, தகுந்த உதவி கொடுத்தும் குறைந்தது 6 மாதம் சிக்கல் தொடர வேண்டும். ஆகவே ஒரு நாள் சோதனையில் பெயர் சூட்டாதீர்கள். தினமும் 15 நிமிடம் போதும்: சொல்லைக் கைதட்டி அசையாகப் பிரிப்பது, எழுத்து அட்டைகளைச் சேர்த்துச் சொல் ஆக்குவது, அப்புறம் எழுதுவது. என்ன முன்னேறியது, என்ன அப்படியே நிற்கிறது என்று குறியுங்கள்.

ஐந்தாம் படி: வைத்தியரிடம்

உறுதியாகச் சொல்ல வேண்டியவர்கள் நிபுணர்கள்தான். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தோடு, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ‘ஆயதி’ நிலையம் இருக்கிறது. கொப்பிகளையும் உங்கள் குறிப்புகளையும் கையோடு கொண்டு போங்கள். பிள்ளையைத் தமிழில் சோதிக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். தெரியாத மொழியில் செய்த சோதனை பிள்ளையைத் தப்பாகக் காட்டும்.

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் கொடுக்கிறது. கடைசி நேரத்தில் ஓட வேண்டாம், தரம் 4இலேயே அதிபரோடு பேசுங்கள். நிபுணரின் அறிக்கை கைக்கு வரும் வரை வகுப்பு டீச்சரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம்: திடீரென எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம், வாயால் சொல்லும் சரியான விடைக்கும் புள்ளி கொடுங்கள்.